மோர்கன் கைவிட்ட வினா

முகட்டு வளையிலே கட்டித் தூக்கிய கதலிக்குலை பழுக்கத் தொடங்கியதும், எங்கிருந்தோ வந்து அதனைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு ஈக்களை அறியாதார் நம்முள் இலர். எள்ளளவே உடையன, சிவந்த கண்ணின. கையை வீசினால் விலகும், மறுகணமே மீளும். பழ ஈ என்று பாடநூல்கள் பெயர் கூறும் இச்சிற்றுயிர்க்கு விஞ்ஞான உலகிலே பெருமதிப்பை ஈட்டித் தந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் தோமஸ் ஹண்ட் மோர்கன். பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு வரும் வழியை ஈயிலே கண்டுகாட்டியவர் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. அது மெய்யே. ஆயினும் அவர் முதன்முதல் மனத்தைப் பறிகொடுத்த வினா வேறொன்று. அதனைக் கைவிட்டே அவர் ஈயிடம் வந்தார். அவர் மறைந்து பல்லாண்டு சென்றபின் அவ்வினாவுக்கு விடைகூற முன்வந்ததும் அந்த ஈயே. அவர் வரலாற்றை இவ்வழி நின்று கூறுதலே எம் கருத்து.

மோர்கன் 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரிலே பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. அவர் பெரிய தகப்பனாராகிய ஜோன் ஹண்ட் மோர்கன் தென்மாநிலங்களின் பக்கம் நின்று பொருத குதிரைப்படைத் தளபதி. அன்னையாரின் தாய்வழிப் பாட்டனார் பிரான்சிஸ் ஸ்கொட் கீ, அமெரிக்க தேசிய கீதத்தை யாத்தவர். வாளும் பாடலும் புகழ்சேர்த்த இக்குடியிற் பிறந்த பிள்ளையோ, பறவை முட்டைகளையும் கல்லாய்ச் சமைந்த உயிர்ச்சுவடுகளையும் தேடிக் காடுமேடெல்லாம் அலைந்தது. 1886இல் கென்ரக்கி அரசினர் கல்லூரியிற் பட்டம் பெற்று, பின்னர் போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் புகுந்து, கடற்சிலந்திகளின் வளர்ச்சியை ஆராய்ந்து 1890இலே கலாநிதிப் பட்டமும் எய்தினார். மறுவருடம் பிறின் மோர் மகளிர் கல்லூரியிலே ஆசிரியப் பதவி கிடைத்தது. அங்கே 13 ஆண்டு பணிபுரிந்தார்.

அக்காலத்தில் முளையவியலாரை உறங்கவிடாத வினா ஒன்றிருந்தது. முட்டை ஒரு கலம். அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிகின்றது. பிரிந்த கலங்கள் தொடக்கத்தில் ஒன்றைப்போல் ஒன்று தோன்றுவன. அவற்றுட் சில தலையாகின்றன, சில வாலாகின்றன, சில சிறகாகின்றன. தான் எவ்விடத்திலே நிற்கிறது, தான் எதுவாக வேண்டும் என்பதைக் கலம் அறிவது எங்ஙனம்? ஜெர்மனியர் றூ என்பார் தவளை முட்டையின் முதலிரு கலங்களில் ஒன்றைச் சூட்டூசியாற் கொன்றபோது, எஞ்சியது அரை முளையமாகவே வளர்ந்தது. அவர் நாட்டினராகிய டிறீஷ் கடல் முள்ளியின் இரு கலங்களையும் வேறாக்கியபோதோ ஒவ்வொன்றும் முழுக் குடம்பியாயிற்று. இருவர் கண்டதும் உண்மை. ஆயின் ஒன்றையொன்று மறுப்பதுபோல் நின்றது. 1894ஆம் ஆண்டு மோர்கன் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கடலுயிர் ஆய்வுநிலையஞ் சென்று டிறீஷுடன் கூடி உழைத்தார். தவளை முட்டையையும் தாமே பரிசோதித்தார். ஒரு கலத்தைக் கொன்றபின் முட்டையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டால், எஞ்சிய கலமும் சிறியதோர் முழு முளையமாக வளரக்கூடும் என்று 1895இற் காட்டினார். ஆகவே கலத்தின் கதி பிறப்பிலேயே முற்றாக எழுதி வைக்கப்பட்டதன்று. அயலும் இடமும் அதனைத் தீர்மானிப்பதிற் பங்குகொள்கின்றன.

அடுத்து அவர் கத்தியை எடுத்தார். தட்டைப்புழு என்றொரு நீர்ப்புழு உண்டு. அதனை இரண்டாக வெட்டினால் தலைத்துண்டு வாலையும், வால்துண்டு தலையையும் வளர்த்துக்கொள்ளும். மோர்கன் அதனைக் குறுக்கே வெட்டினார், நெடுக வெட்டினார், சிறு சதுரங்களாகவும் வெட்டினார். புழுவின் 279இல் ஒரு பங்கே ஆன துண்டமும் முழுப்புழுவாக மீளவல்லது என்று கண்டார். மிகக் குறுகிய துண்டங்களோ சில வேளைகளில் இரு முனையிலும் தலையையே தோற்றுவித்தன. மண்புழுவிலும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். வெட்டும் இடம் தலையிலிருந்து எட்ட எட்டப் போகப் புதுத்தலை முளைப்பது அரிதாயிற்று. இவற்றையெல்லாம் சீர்தூக்கி, உடலின் ஒரு முனையிற் செறிந்தும் மறுமுனை நோக்கிப் படிப்படியாகக் குறைந்தும் செல்லும் ஏதோவொரு பொருளின் ஏற்றத்தாழ்வே தலையெது வாலெது என்பதை நிர்ணயிக்கலாம் என்று அவர் எண்ணினார். உறுப்பு மீள வளர்தல் பற்றி 1901இலே பெருநூலொன்றும் வெளியிட்டார்.

எண்ணம் அரியது. ஆனால் அப்பொருள் யாது? அதனைப் பிரித்தெடுத்துக் காட்டுவது எப்படி? இரசாயனம் அந்நாளில் அதற்கு உதவவில்லை. பரிசோதித்து மெய்யென்றோ பொய்யென்றோ தீர்க்கமுடியாத கொள்கைகளை மோர்கன் இயல்பாகவே வெறுப்பவர். தம் கொள்கையாயினும் அவருக்கு அப்படியே. டிறீஷ், விடை காணாது சோர்ந்து, உடலுக்கு அப்பாற்பட்ட உயிர்ச்சத்தி ஒன்றுண்டு என்று கூறித் தத்துவத்துட் புகுந்துவிட்டார். மோர்கன் அப்பாதையிற் செல்லவில்லை. வினாவை ஒருபுறம் வைத்து, தம்மால் எண்ணிப் பார்த்துத் தீர்க்கக்கூடிய வேறொன்றைத் தேடினார். இதனைச் சிலர் பின்வாங்கல் என்பர். விடை தராத கதவை எவ்வளவு நேரம் தட்டுவது என்று அறிவதும் ஆராய்ச்சித் திறமையுள் ஒன்றென்றே எமக்குத் தோன்றுகிறது.

1904ஆம் ஆண்டு அவர் வாழ்விலே இருவகையால் திருப்பமாயிற்று. பிறின் மோரிற் பயின்ற விலங்கியலாராகிய லிலியன் வோன் சாம்சன் அம்மையாரை மணந்தார். நண்பர் எட்மண்ட் வில்சன் அழைக்க, நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அப்பொழுது மெண்டலின் விதிகள் மீளவும் வெளிப்பட்டு நான்காண்டே ஆகியிருந்தது. கலத்தின் கருவுள்ளே காணப்படும் நிறமூர்த்தங்களே பரம்பரை இயல்புகளைக் கொண்டுசெல்வன என்று சிலர் கூறத் தொடங்கினர். சாயம் ஊட்டினால் நன்கு நிறமேறுவதால் அவை இப்பெயர் பெற்றன. நம் கலைச்சொல்லாக்கியோர் ஆக்கித்தந்த சொற்களுள் அழகியது இது. மோர்கனோ மெண்டலையும் ஐயுற்றார், நிறமூர்த்தத்தையும் ஐயுற்றார்.

புதிய இயல்புகள் திடீரெனத் தோன்றுமோ என்று பார்க்கவே அவர் பழ ஈயை வளர்க்கத் தொடங்கினார். முயலும் எலியும் இடத்தையும் பணத்தையும் விழுங்குவன. ஈக்கோ வெறும் பாற்போத்தலும் மசித்த வாழைப்பழமும் போதும். ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முடிந்து மறுதலைமுறை பிறக்கும். ஆயினும் தேடியது அகப்படவில்லை. தம்மைக் காணவந்த நண்பரிடம் போத்தல் வரிசைகளைக் காட்டி, ஈராண்டு வீணாயிற்று என்று மோர்கன் மனம் நொந்ததாகச் சொல்வர்.

1910இல் அது நிகழ்ந்தது. சிவந்த கண்ணுடைய ஈக்களின் நடுவே வெண்கண்ணுடைய ஆண் ஈ ஒன்று காணப்பட்டது. அதனைப் போத்தலிலிட்டு இராத்தோறும் வீட்டுக்குக் கொண்டுசென்று படுக்கையருகே வைத்துக் காத்தார் என்றும், மூன்றாவது குழந்தையைப் பெற்று மருத்துவமனையிற் கிடந்த மனைவியார் அவரைக் கண்டதும் முதலில் அந்த ஈயின் நலத்தையே வினவினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. காலக்கணக்கு அதற்கு நன்கு இசையவில்லை என்பர். ஆனாலும் அவ்வில்லத்தார் எத்தகையவர் என்பதை அக்கதை காட்டுகிறது.

வெண்கண் ஈயைச் செங்கண் பெண் ஈக்களோடு கூட்டினார். மக்கள் ஏறத்தாழ எல்லாமே செங்கண்ணின. அம்மக்களைத் தம்முள் கூட்டினார். பேரர் தலைமுறையில் 2,459 செங்கண் பெண், 1,011 செங்கண் ஆண், 782 வெண்கண் ஆண் என எண்ணிக் கண்டார். வெண்கண் பெண் ஒன்றேனும் இல்லை! பாட்டனின் வெண்கண் பேரன்மாருக்கு மட்டும் வருவானேன்? ஆண் பெண் என்னும் வேறுபாட்டோடு தொடர்புடைய நிறமூர்த்தத்தின்மேலேயே கண்ணிறத்தின் பரம்பரையலகும் அமர்ந்திருக்கிறது என்று கொண்டாலன்றி இக்கணக்கு விளங்காது. ஐயுற்றவரே தம் ஐயத்தைத் தாமே அறுத்தார். தாம் பல்லாண்டு மறுத்துவந்த கொள்கைக்குத் தம் கையாலேயே சான்று தேடிக்கொடுத்து, அதனைத் தயங்காது வெளியிட்ட நேர்மை இவர்பால் நாம் வியக்கத்தக்கது.

அதன்பின் கொலம்பியாவின் ஈயறை பெயர்பெற்றது. 16 அடிக்கு 23 அடி கொண்ட சிற்றறை, அதனுள் எட்டு மேசைகள், மூலையிலே வாழைக்குலை. பாற்போத்தல்களைப் பிறர் வீட்டு வாயில்களிலிருந்து மாணவர் கவர்ந்து வந்தனர் என்ற வதந்தியும் உண்டு. அல்பிரட் ஸ்ரட்டெவன்ற், கல்வின் பிறிட்ஜஸ், ஹேர்மன் முல்லர் என்னும் இளைஞர் அங்கே ஆசிரியரோடு சமமாக இருந்து வாதாடினர். ஸ்ரட்டெவன்ற் பட்டப்படிப்பு முடியாத மாணவராயிருந்தபோதே, 1911இல் ஓரிரவு, வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, ஒரு நிறமூர்த்தத்தின்மேல் அலகுகள் எந்த ஒழுங்கிலே நிற்கின்றன என்பதற்கு உலகின் முதற் படத்தை வரைந்து முடித்தார். பாடஞ் செய்யாத அவ்விரவை எந்த ஆசிரியன்தான் மன்னியான்? மோர்கன் செலவிலே கருமி, பிறர்க்கு ஈவதிலே தாராளி. நுணுக்குக்காட்டி இருக்கவும் நகைவினைஞரின் வில்லையைக் கண்ணிற் செருகி ஈயை எண்ணுவார். உதவியாளரின் சம்பளத்தைச் சில வேளை தம் பணத்திலிருந்து கொடுப்பார். எனினும் அவ்வறையிலே எல்லார் மனமும் நிறைந்திருந்ததென்பதற்கில்லை. தம் எண்ணங்களுக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்ற குறை முல்லரிடம் நெடுங்காலம் இருந்தது. லிலியன் அம்மையாரும் குழந்தைகள் வளர்ந்தபின் ஆய்வுக்கு மீண்டு, ஒட்டிய நிறமூர்த்தம் உடைய ஈயைக் கண்டறிந்து அரிய சான்று தந்தார். அவர் உழைத்தது பதவியின்றியே.

1928இல் மோர்கன் கலிபோர்ணியாத் தொழினுட்ப நிலையத்திலே உயிரியற் பகுதியை நிறுவச் சென்றார். 1933ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. டிசெம்பர் விழாவுக்கு அவர் போகவில்லை. அடுத்த ஆண்டே சென்று சொற்பொழிவு நிகழ்த்தினார். பரிசுப் பணத்தைத் தம் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, ஸ்ரட்டெவன்ற், பிறிட்ஜஸ் ஆகியோர் பிள்ளைகளுக்கும் பங்கிட்டார்.

புகழின் உச்சியில் நின்ற அப்பொழுதும் பழைய வினா அவர் நெஞ்சை விட்டகலவில்லை. 1934இலே முளையவியலையும் பிறப்புரிமையியலையும் ஒருங்கே தலைப்பிற் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். உடலின் கலம் ஒவ்வொன்றிலும் அதே பரம்பரையலகுகள் இருக்குமாயின் கலங்கள் வேறுபடுவதேன் என்ற முரண்பாட்டை அதிலே வெளிப்படையாக எடுத்துரைத்தார். முட்டையின் பல்வேறு பகுதிகளிலுள்ள பொருள்கள் தொடக்கத்திலேயே சற்று வேறுபடலாம். அவ்வேறுபாடு சில அலகுகளைத் தூண்டலாம். தூண்டப்பட்ட அலகுகள் அப்பகுதியை மேலும் வேறுபடுத்தலாம் என்று ஒரு கருத்தையும் முன்வைத்தார். நூல் இரு துறைகளையும் இணைக்கவில்லையே என்று இளம் ஆய்வாளர் ஒருவர் குறைகூறியபோது, தலைப்பிலே சொன்ன இரண்டும் உள்ளே இருக்கின்றனவல்லவா என்று மோர்கன் கேட்டாராம். நகைச்சுவையாயினும் அதனுள் ஓர் ஒப்புதல் இருக்கிறது. ஓய்வு பெற்றபின்னும் கடலுயிர்களின் முட்டைகளோடே காலங்கழித்து, 1945ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி பசடினா நகரிலே தமது 79ஆவது வயதிற் காலமானார்.

மனிதர் கதை இங்கே முடிய, வினாவின் கதை தொடர்கின்றது. கணிதவறிஞர் அலன் ரியூறிங் 1952இலே, இழையத்தினூடே பரவி உருவத்தைத் தோற்றுவிக்கும் பொருள்களுக்கு உருப்பிறப்பி என்று பொருள்படும் ஒரு பெயர் இட்டார். 1969இல் இலண்டனிலிருந்த லூயிஸ் வொல்பேட், அத்தகைய பொருளின் செறிவு ஓரிடத்திற் கூடியும் போகப்போகக் குறைந்தும் இருக்குமாயின், ஒவ்வொரு கலமும் தன்னிடத்துச் செறிவைக் கொண்டே தன் நிலையை அறியலாம் என்று விளக்கினார். புழுவை வெட்டிய மோர்கனின் எண்ணம் புதுவடிவிற் பிறந்தது. பொருளைக் காட்டுவார் இன்னும் வரவில்லை.

காட்டியது ஈ. மோர்கனின் மரபிலே வளர்க்கப்பட்டு, நிறமூர்த்தப் படம் முழுவதும் வரையப்பட்டிருந்த ஈ வேறெவ்வுயிரினும் இதற்கு வாய்ப்பாயிற்று. ஜெர்மனியில் கிறிஸ்ரியான நுஸ்லைன் வொல்ஹார்ட் அம்மையாரும் எரிக் வீஷாஸும் முளையத்தின் உருவத்தைக் குலைக்கும் விகாரங்களை ஆயிரக்கணக்கான ஈக்குடும்பங்களிலே தேடி 1980இல் வெளியிட்டனர். முட்டையின் தலைப்பக்கத்திற் செறிந்து வால்நோக்கிக் குறையும் புரதம் ஒன்று 1988இல் அம்மையாரின் ஆய்வுகூடத்திலே கண்ணெதிரே காட்டப்பட்டது. 1995இல் இவ்விருவரும் நோபெல் பரிசு பெற்றபோது உடன்பெற்ற எட்வேட் லூயிஸ், ஸ்ரட்டெவன்றின் மாணவர். அதாவது மோர்கனின் மாணவருக்கு மாணவர். மோர்கன் மறைந்து சரியாக 50 ஆண்டு ஆகியிருந்தது.

இழையத்தினூடே செய்தி பரவும் விதத்தைச் சிறகிலே தெளிவாகக் காணலாம். குடம்பியின் உடலுள்ளே, பிற்காலத்திற் சிறகாகவேண்டிய கலங்கள் சிறு பைபோல் அடங்கிக் கிடக்கும். சில பத்துக் கலங்களாய்த் தொடங்கிச் சில நாளில் 50,000 அளவாகப் பெருகும். அப்பையின் பின்பாதிக் கலங்கள் ஒரு சமிக்ஞைப் புரதத்தை வெளியிடும். அதன் அலகு கெட்ட குடம்பியின் உடலெங்கும் முட்கள் நிறைதலின் அதற்கு முள்ளெலி என்று பெயர். அது முன்பாதிக்குள் சில கலத்தூரமே செல்லும். சென்ற எல்லையிலுள்ள கலங்கள் மற்றொரு புரதத்தை ஆக்கும். பதினைந்து உறுப்பு முடக்கம் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் அதற்குண்டு. குடம்பியினுள்ளே 15 உறுப்பு முதல்களின் வளர்ச்சி அதனால் நடைபெறுதலின். இப்புரதம் நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் பரந்து, கோயிலிலே இட்ட தூபத்தின் மணம் வீதிவரை மெலிந்து மெலிந்து செல்வதுபோலக் குறைந்து செல்லும். செறிவு மிக்க இடத்தில் ஓர் அலகும், மிதமான இடம்வரை வேறோர் அலகும் தூண்டப்படும். சிறகின் நரம்புகள் தத்தம் இடத்தில் ஓடுவது இவ்வேறுபாட்டினாலேயே. தொலைவிலுள்ள கலங்களையும் இப்புரதம் நேரேயே சேர்கின்றது என்று 1996இல் இரு குழுவினர் நிறுவினர். 2000ஆம் ஆண்டில், நுங்குமீனின் பச்சையொளிப் புரதத்தை அதனோடு பிணைத்து, ஒளிரும் படித்திறனை நேரிற் கண்டனர்.

பரவுகின்றது என்பது தெளிவு. எப்படிப் பரவுகின்றது என்பதிலேதான் பிணக்கு. கலங்களுக்கிடையே தானாக ஊறிச் செல்கின்றது என்பர் ஒரு சாரார். கலங்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் அதனைப் பிடித்தும் விட்டும் கொண்டுசெல்லும் என்பர். சிலந்தி நூலினும் மெல்லிய இழைகளைக் கலங்கள் நீட்டி, அவற்றின் வழியே கைமாற்றிக்கொள்ளும் என்பர் மற்றொரு சாரார்; அவ்விழைகளைச் சிறகுப்பையிலே தோமஸ் கோண்பேக் குழுவினர் 1999இல் கண்டறிந்தனர்.

சிறகிலி என்னும் புரதத்தின் செய்தி இன்னும் சுவையுடையது. அதன் அலகு கெட்டால் ஈக்குச் சிறகு முளையாது போகும். அவ்விகாரத்தை 1973இல் முதலில் அறிவித்தவர் இந்திய விஞ்ஞானி சர்மா. இப்புரதமும் இழையத்திற் பரவிச் செறிவு வேறுபாட்டினாற் சிறகை உருவாக்குவது என்றே பாடநூல்கள் எழுதின. 2014ஆம் ஆண்டு இலண்டனில் ஜோன் போல் வின்சன்ற் குழுவினர் அப்புரதத்தை அதனை ஆக்கிய கலத்தின் மென்சவ்விலேயே கட்டிவைத்து, ஓரடியும் பரவாதபடி செய்து, அத்தகைய ஈக்களை வளர்த்துப் பார்த்தனர். சிறகே இராது என்று எதிர்பார்த்தற்கு இடமிருந்தது. ஈக்கள் பிழைத்தன, அவற்றின் வளர்ச்சி சற்றே தாமதித்தது, சிறகுகளோ ஏறக்குறைய உரிய அளவிலேயே விரிந்தன.